ஒன்றா, ஒன்றரையா, இரண்டா? போர் மோட்டார் வாங்கும் முன் ஒரு கணக்கு

போன சித்திரையில் எதிர்வீட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டாரைப் போட்டு அணைக்கும் பேனலுக்குள் பல்லி புகுந்து பெட்டி கருகிப் போனது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, பேனலை மட்டும் மாற்றினால் போதும். மெக்கானிக் வெளியூர் போயிருந்ததால் அந்த வீட்டுப் பையன், பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து '1.5' என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போனான். கடைக்காரர் ஒன்றரை எச்பி (ஹார்ஸ்பவர், குதிரைத் திறன்) பேனலை எடுத்துக் கொடுத்தார். மாட்டிச் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ம்ம்ம் என்று உறுமியதே தவிர சுற்றவில்லை. சில நொடிகளில் டிரிப் ஆனது. மூன்று தடவை அப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான காயில் கருகவில்லை.

சாயங்காலம் அந்தக் காகிதத்தை நானும் பார்த்தேன். 'கிலோவாட் / எச்பி' என்ற தலைப்புக்குக் கீழே '1.5 / 2.0' என்று இருந்தது. பையன் முதல் எண்ணை மட்டும் படித்திருக்கிறான். ஒன்றரை கிலோவாட் என்றால் இரண்டு எச்பி. ஒன்றரை எச்பி என்றால் 1.1 கிலோவாட். இரண்டு எச்பி மோட்டாருக்கு ஒன்றரை எச்பி பேனலில் இருக்கும், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போதாது, அதனால்தான் கிளம்ப முடியாமல் உறுமியிருக்கிறது.

அதே வைகாசியில் எங்கள் வீட்டு மோட்டார் புகைந்தது. பதினோரு வருடம் ஓடிய, தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் ஒன்றரை எச்பி சப்மெர்சிபிள். போனில் கூப்பிட்டதும் மெக்கானிக், "ஏனுங்க, இந்தத் தடவை ரெண்டு எச்பியே போட்டுக்கலாமுங்க. தண்ணி பிச்சுக்கிட்டு வருமுங்க" என்றார். மாமா ஒன்றரையே போதும் என்றார். கோவையில் பம்பு வார்ப்படம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் என் நண்பன் மட்டும், "எச்பியை அப்புறம் பேசலாம். உன் போர் எவ்வளவு தண்ணி கொடுக்கும், எவ்வளவு உயரம் ஏத்தணும், அதைச் சொல்லு" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த எச்பி என்னவென்று பார்த்துவிடுவோம். நீராவி இயந்திரம் விற்ற ஜேம்ஸ் வாட், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஆலைகளில் செக்கு மாடு மாதிரி சுற்றிய குதிரைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி தூக்கினால் அது ஒரு குதிரையின் திறன். வாங்க வருகிறவனுக்குக் குதிரைதான் தெரியும், அதனால் குதிரைக் கணக்கிலேயே விற்றார். பிற்பாடு 1882இல் அவர் பெயரையே திறனின் அலகுக்கு வைத்தார்கள். குதிரையும் போகவில்லை, வாட்டும் போகவில்லை, மோட்டாரில் ஒட்டியிருக்கும் ஒரே தகட்டில் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு எச்பி 746 வாட்.

குதிரை எல்லா மொழியிலும் இருக்கிறது. ஜெர்மன்காரர் 'பிஎஸ்' என்று போடுவதும் குதிரை பலம்தான், ஜப்பானியர் சொல்லும் 'பாரிக்கி'யும் குதிரை பலம்தான். ஆனால் ஐரோப்பியக் குதிரை கொஞ்சம் சோனி. அந்த மெட்ரிக் எச்பி 735.5 வாட்தான், ஒன்றரை சதவீதம் குறைவு. வீட்டு மோட்டாரில் அது பெரிய விஷயமில்லை. எங்கள் கொங்குப் பக்கத்தில் கவலை கட்டித் தோல் பறியில் தண்ணீர் இறைத்தது மாடுகள்தான். ஒரு ஜோடி மாட்டின் திறனை ஏறக்குறைய ஒரு எச்பி என்று வேளாண் பொறியியல் பாடத்தில் சொல்வார்கள். இங்கே யாராவது அளவு வைத்திருந்தால் அது 'சோடி' என்றே இருந்திருக்கும். ஒரு சோடி மோட்டார், ஒன்றரை சோடி மோட்டார்.

இப்போது பயன்படும் கணக்குக்கு வருவோம். மெட்ரிக் எச்பியின் இலக்கணமே நொடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் தூக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, நஷ்டமே இல்லாவிட்டால், ஒரு எச்பி என்பது நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 75 மீட்டர் ஏற்றும் (நம் ஊர் எச்பிக்கு 76 மீட்டர்). இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. பாதி உயரம் என்றால் இரட்டிப்புத் தண்ணீர், இரட்டிப்பு உயரம் என்றால் பாதித் தண்ணீர். எச்பி மாறாமல் இரண்டையும் மாற்றலாம். 'ஒரு எச்பி எவ்வளவு தண்ணி எடுக்கும்?' என்று மட்டும் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது.

நஷ்டம் இல்லாத பம்பும் கிடையாது. நான்கு அங்குலப் போருக்குள் இறங்கும் ஒல்லியான பம்பில், மோட்டார் சுற்றும் தண்டுக்கு வரும் திறனில் பாதிகூடத் தண்ணீரை ஏற்றப் பயன்படாது. நான் நூற்றுக்கு 45 என்று வைத்துக்கொண்டேன். தகட்டில் இருக்கும் எச்பியோ தண்டில் கிடைக்கும் திறன், ஈபியிலிருந்து இழுப்பது அல்ல. சிங்கிள் பேஸ் மோட்டார் உள்ளே வாங்குவதில் நூற்றுக்கு 65 பங்கைத்தான் தண்டுக்குக் கொடுக்கிறது என்று வைத்தால், ஒரு எச்பி மோட்டார் மீட்டரில் 1.15 கிலோவாட் வரை இழுக்கும். 'ஒரு எச்பிதானே, 746 வாட்' என்று இன்வெர்ட்டர் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

சரி, என் வீட்டு எண்கள். போரின் ஆழம் 320 அடி. பழைய மோட்டார் தொங்கியது 280 அடியில். நான் முதலில் ஏற்றும் உயரம் 280 அடி என்று எழுதி நண்பனுக்கு அனுப்பினேன். போனிலேயே சிரித்துவிட்டான். மோட்டார் எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதுதான் வரும். மோட்டாருக்கு மேல் நிற்கும் தண்ணீர் தானாகவே குழாயிலும் அதே மட்டத்துக்கு ஏறி நிற்கும், அங்கிருந்து மேலே தூக்குவதுதான் வேலை. மோட்டாரை வெளியே எடுத்த அன்று சணல் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கினேன். 160 அடியில் 'பொளக்' என்று சத்தம் கேட்டது. ஓடும்போது மட்டம் இன்னும் இறங்கும். கோடையில் 210 அடி வரை போகும் என்று மெக்கானிக் சொன்னார். தெருவில் பத்துப் போரையாவது இறக்கி ஏற்றியவர், அந்தச் சொல்லை நம்பினேன். மாடி டேங்க் வாய் தரையிலிருந்து 35 அடி. மொத்தம் 245 அடி, அதாவது 75 மீட்டர். குழாயின் உராய்வுக்கு ஐந்து மீட்டர் சேர்த்து 80 என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது போர் எவ்வளவு கொடுக்கும் என்பது. இதைத்தான் யாரும் அளப்பதில்லை. மோட்டார் எரிந்த பின் எப்படி அளப்பது? பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்பேர் மோட்டாரை ஒருநாள் இறக்கி ஓட்டினோம். அரை மணி நேரத்தில் காற்றும் தண்ணீருமாகத் துப்ப ஆரம்பித்தது. கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, துப்பாமல் ஒரே சீராக வரும் இடத்தில் நிறுத்தி, 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பார்த்தேன். ஏழு நிமிடம். நிமிடத்துக்கு 28 லிட்டர் சொச்சம், மணிக்கு 1,700 லிட்டர். எங்கள் போரின் ஊற்று அவ்வளவுதான். அதற்கு மேல் எந்த மோட்டாரைப் போட்டாலும் பாறையிலிருந்து வராது.

இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு மூன்று மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். 80 மீட்டர் உயரத்துக்கு, நான் சொன்ன 45 சதவீதக் கணக்கில், ஒரு எச்பி நிமிடத்துக்கு 26 லிட்டர் கொடுக்கும். ஒன்றரை எச்பி 38 லிட்டர். இரண்டு எச்பி 51 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்ப ஒரு எச்பிக்கு 39 நிமிடம், ஒன்றரைக்கு 26 நிமிடம், இரண்டுக்கு 20 நிமிடத்துக்குள். இதுவரை பார்த்தால் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

கரண்ட் பில் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கே ஆச்சரியம். ஒரு எச்பி 1.15 கிலோவாட்டை 39 நிமிடம் இழுக்கிறது, முக்கால் யூனிட். ஒன்றரை எச்பி 1.72 கிலோவாட்டை 26 நிமிடம் இழுக்கிறது, அதுவும் முக்கால் யூனிட். இரண்டு எச்பிக்கும் அதே முக்கால் யூனிட்தான். பெரிய மோட்டார் அதிகக் கரண்ட் தின்னும் என்று அம்மா சொல்வதும் தப்பு, சீக்கிரம் நிரம்பினால் மிச்சம் என்று மாமா சொல்வதும் தப்பு. கிலோவாட் என்பது வேகம், யூனிட் என்பதுதான் செலவு. ஒரே தண்ணீரை ஒரே உயரத்துக்கு ஏற்ற, திறமை ஒன்றாக இருந்தால், ஒரே யூனிட்தான். தினம் ஆயிரம் லிட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கிட்டத்தட்டப் பாதி டேங்குக்கே போகிறது.

பில் சமம், நேரம் குறைவு, அப்படியானால் பெரியதையே போடலாமே? போட்டால் ஊற்று தாங்காது. போர் கொடுப்பது 28 லிட்டர், ஒன்றரை எச்பி இழுப்பது 38. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் குழிக்குள் நிற்கும் தண்ணீரிலிருந்து போகிறது. ஒரு டேங்க் நிரம்பும் வரை சமாளிக்கும், கல்யாண வீட்டு நாளில் மூன்று டேங்க் ஏற்றினால் மட்டம் மோட்டாரைத் தொட்டுவிடும். தண்ணீர்தான் அந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி. காற்றை இழுத்துக்கொண்டு ஓடினால் சூடேறும், தண்டைத் தாங்கும் புஷ் தேயும், ஒருநாள் காயில் போகும். எங்கள் பழைய ஒன்றரை எச்பி செத்ததும் இப்படித்தான் இருக்கும் என்று கழற்றியபோது தெரிந்தது. பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் எல்லாம் மணலில் தேய்ந்து விளிம்பு பிளேடு மாதிரி ஆகியிருந்தது. வேகமாக இழுக்கும்போது மணலும் சேர்ந்து வரும். இரண்டு எச்பி போட்டிருந்தால் இந்தக் கதை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். தண்ணீர் தீர்ந்தால் தானே அணைக்கும் டிரை ரன் கட் உள்ள பேனல் போட்டால் மோட்டார் எரியாது, உண்மைதான். ஆனால் அது அடிக்கடி அணைந்து அணைந்து போடும்போது, இரண்டு எச்பிக்குக் கொடுத்த காசு எதற்கு?

வயரையும் சொல்லிவிடுகிறேன், பலரும் மறப்பது. ஒரு எச்பி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். 280 அடி ஆழத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போட்டால் போகவர வழியிலேயே 15 வோல்ட் தொலையும். இரண்டரை போட்டால் 9 வோல்ட். சாயங்காலம் எங்கள் தெருவில் 200 வோல்ட்தான் வரும், அதில் 15 போனால் மோட்டார் கிளம்பத் திணறும். எச்பி கூடினால் ஆம்பியர் கூடும், வோல்ட் நஷ்டமும் அதே அளவில் கூடும். பெரிய மோட்டாருக்குப் பழைய கேபிளையே வைத்து ஓட்டுகிறவர்கள், கூடுதல் எச்பியில் ஒரு பகுதியைக் கேபிளைச் சூடாக்கவே கொடுக்கிறார்கள்.

ஒரு எச்பியில் எனக்கு இருந்த ஒரே பயம் உயரம்தான். அதற்கு நண்பன் சொன்ன சொல் 'ஸ்டேஜ்'. பம்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்களின் எண்ணிக்கை அது. ஒவ்வொரு ஸ்டேஜும் தண்ணீரைச் சில மீட்டர் தள்ளிவிட்டு அடுத்ததிடம் கொடுக்கிறது. ஒரே ஒரு எச்பியில் பத்து ஸ்டேஜும் உண்டு, பதினைந்தும் உண்டு. பத்து ஸ்டேஜ் தண்ணீரை அள்ளிக் கொடுக்கும், ஆனால் உயரம் ஏறாது. பதினைந்து ஸ்டேஜ் குறைவாகக் கொடுக்கும், உயரம் ஏறும். பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை அச்சடித்திருப்பார்கள், மேலே மீட்டரில் ஹெட் (ஏற்றும் உயரம்), கீழே நிமிடத்துக்கு லிட்டர். கடையில் எச்பியைச் சொல்லாமல், "80 மீட்டர் ஹெட்டில் 25 லிட்டருக்கு மேல் கொடுக்கிற நான்கு அங்குலப் பம்பு" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நான்கு அட்டவணைகளைக் கொண்டுவந்து விரித்தார். ஒரு பெட்டியில் '100 மீட்டர்' என்று பெரிதாகப் போட்டிருந்தது, அட்டவணையில் பார்த்தால் அந்த நூறில் வரும் தண்ணீர் பூஜ்யம். அது தண்ணீர் ஏறி நின்றுவிடும் உயரம். கடைகளில் சொல்லும் பெரிய ஹெட் பெரும்பாலும் இதுதான். ஐஎஸ் 8034 முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன், சப்மெர்சிபிள் பம்புக்கான இந்தியத் தரம் அது.

மற்ற வழிகளையும் யோசிக்காமல் இல்லை. பழையதற்கே காயில் கட்டுவது மலிவு, ஆனால் தேய்ந்த இம்பெல்லரோடு புதுக் காயில் ஓடினால் அதே கரண்டுக்குக் குறைவான தண்ணீர்தான் வரும். பம்பு நன்றாக இருந்து மோட்டார் மட்டும் புகைந்திருந்தால் நானும் கட்டியிருப்பேன். மேலே வைக்கும் சாதாரண மோட்டார் இந்த ஆழத்துக்குப் பேச்சே இல்லை, உறிஞ்சி எடுப்பது நடைமுறையில் 25 அடிக்குமேல் போகாது, காற்றழுத்தத்தால் வரும் எல்லை அது.

கம்ப்ரசரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் போரில் அதுதான். மோட்டாரும் கம்ப்ரசரும் தரைக்கு மேலே இருக்கும், போருக்குள் குழாய் மட்டும் போகும். காற்றை அடியில் விட்டுத் தண்ணீரைக் குமிழாக்கி மேலே தள்ளும். ஊற்று மணிக்கு 300, 400 லிட்டர்தான் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. மணல் வந்தாலும் கவலையில்லை, தண்ணீர் தீர்ந்தாலும் எரியாது, போர் இடிந்தாலும் மோட்டார் உள்ளே மாட்டிக்கொள்ளாது. ஆனால் திறமையில் இது ரொம்பக் கீழே. அதே ஆயிரம் லிட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல் யூனிட் போகும், சத்தமோ சொல்ல வேண்டாம். எங்கள் போர் கொடுப்பது 1,700 லிட்டர், அதனால் தேவைப்படவில்லை. இந்த எண் 500க்குக் கீழே வந்திருந்தால் யோசிக்காமல் கம்ப்ரசர் பக்கம் போயிருப்பேன்.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. அங்கே இணைப்பே ஐந்து எச்பி, ஏழரை எச்பி என்று குதிரைக் கணக்கில்தான் கொடுக்கிறார்கள், மின்சாரமும் இலவசம். யூனிட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததால் பெரிய எச்பி மேல் ஆசை வருவது இயல்பு. வீட்டு இணைப்போ கிலோவாட்டில் இருக்கிறது. ஊருக்குள் எச்பி என்ற சொல் இவ்வளவு ஆழமாக வேர் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முடிவும் வேறாகும். ஊற்று மணிக்கு 3,000 லிட்டருக்கு மேல், தண்ணீர் 200 அடியைவிட ஆழத்தில், வீட்டில் நான்கு குடித்தனம் என்றால் ஒன்றரையோ இரண்டோ போடுவதுதான் சரி. அங்கே ஒரு எச்பி போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓடுகிறதே என்று உட்கார்ந்திருப்பது வீண். தண்ணீர் 80, 100 அடியிலேயே நின்றால் ஒரு எச்பி பத்து ஸ்டேஜே தாராளம். அங்கே ஸ்டேஜ் கூடின பம்பைப் போட்டால், ஊற்று நல்ல போரில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீரை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள்.

நான் ஒரு எச்பி பதினைந்து ஸ்டேஜ் வாங்கினேன். மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம். "உங்க இஷ்டமுங்க, அப்புறம் தண்ணி வல்லீன்னு என்னையச் சொல்லக் கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் இறக்கினார். 280 அடியில் தொங்கவிட்டு, கேபிளை இரண்டரைக்கு மாற்றி, சுவிட்சைப் போட்டோம். முதலில் செம்மண் கலங்கல், பத்து நிமிடத்தில் தெளிந்தது. பழையதைவிடக் குழாயின் வீச்சு கண்ணுக்குத் தெரியும்படி குறைவுதான், அதை மறைக்கவில்லை. டேங்க் நிரம்ப 37 நிமிடம் ஆனது. அடுத்தடுத்து மூன்று டேங்க் ஏற்றியும் ஒரு தடவைகூடத் துப்பவில்லை. மெக்கானிக் மூன்றாவது டேங்க் நிரம்பும் வரை இருந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

பழைய ஒன்றரை எச்பி பேனல் நல்ல நிலையில்தான் இருந்தது. அதையே புது மோட்டாருக்கு மாட்டிக்கொண்டால் என்ன என்று மாமா கேட்டார். எதிர்வீட்டுப் பையன் அப்போது கேட்டருகே நின்றுகொண்டிருந்தான். "வேண்டாம் மாமா, கெபாசிட்டர் வேற" என்று அவனே பதில் சொன்னான்.